தமிழ் வாசிக்கத் தெரியாத வீட்டில் கதைப் புத்தகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோவிலை ஒட்டி நடக்கும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோரிடம், "வீட்டில் தினமும் ஒரு கதைப் புத்தகம் படித்துக் காட்டுங்கள்" என்று சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடும். "டீச்சர், எங்களுக்கே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பாதி எழுத்து மறந்தே போச்சு. நாங்கள் தப்பும் தவறுமாகப் படித்து, பிள்ளையும் அதையே பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?" என்பார்கள். இதையும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

பிள்ளைக்குப் படித்துக் காட்டுவது என்றால் அச்சில் உள்ளதை வழுவாமல் ஒலிப்பது என்ற நினைப்புதான் இந்தத் தயக்கத்துக்குக் காரணம். நன்றாக வாசிப்பவர்தான் படித்துக் காட்டலாம், மற்றவர்கள் தொலைக்காட்சியைப் போட்டுவிடலாம் என்று அது கொண்டுபோய் விடுகிறது. ஆனால் சிறு குழந்தைக்குப் புத்தகம் எப்படிப் பயன்படுகிறது என்று 1980களிலிருந்து நடந்துவரும் ஆய்வுகளைப் பார்த்தால், வேலை நடக்கும் இடம் வேறு. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பெரியவரும் குழந்தையும் பேசிக்கொள்கிறார்களே, அந்தப் பேச்சில்தான் மொழி வளர்கிறது. அச்சு வரிகள் அந்தப் பேச்சுக்குப் பொருள் தருகின்றன. தமிழ் எழுத்தே தெரியாத ஒரு தாத்தா கூட இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதை இங்குள்ள குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே ஏன் இந்த நிலை என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழர்களும் தெலுங்கர்களும். கரும்புத் தோட்டத்துக் குடியிருப்புகளிலும், பிறகு டர்பனைச் சுற்றிய கூட்டுக் குடும்ப வீடுகளிலும் மூன்று தலைமுறை வரை தமிழ் பேச்சு மொழியாக இருந்தது. பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடந்தது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்து 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் குடும்பங்களைப் பிடுங்கி, டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலும் பின்னர் ஃபீனிக்ஸிலும் சின்னச் சின்ன வீடுகளில் தனித்தனியாக வைத்தது. பாட்டியும் பேரனும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் பல வீடுகளில் அதோடு முடிந்தது. அந்தத் தலைமுறை பெற்றோரானபோது, பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசினார்கள்.

அதனால் இன்று ஒரு சராசரி வீட்டில் தமிழ் முழுதாகவும் இல்லை, முழுதாகப் போய்விடவும் இல்லை. தாத்தா, ஆயா, பெரியம்மா, மாமா என்ற அழைப்புகள் இருக்கின்றன. ரசம், வடை, கஞ்சி இருக்கின்றன. விளக்கு, கரகம், காவடி இருக்கின்றன. புரட்டாசி வந்தால் இறைச்சி கிடையாது என்பது நான்கு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆயா என்றால் இங்கே அம்மாவின் அல்லது அப்பாவின் அம்மா. அவருக்குப் பேச வரும், எழுதப் படிக்க வராது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. பிள்ளைக்குச் சொற்கள் தெரியும், வாக்கியம் தெரியாது. தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, இந்த நாட்டுச் சமூகங்கள் பேசும் மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் சட்டத்தில் இருக்கும் மொழி பிள்ளையின் வாயில் வர, வீட்டில் யாராவது அதோடு பேச வேண்டும்.

சரி, படித்துக் காட்டும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

முதலில் குழந்தையின் கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கனடாவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர் கதை படிக்கும்போது நான்கைந்து வயதுப் பிள்ளைகளின் கண்ணசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். பிள்ளைகள் பார்த்தது பெரும்பாலும் படத்தைத்தான். எழுத்தின் பக்கம் கண் போனதே அபூர்வம். எழுத்தைப் பக்கத்தில் எப்படி அமைத்தாலும் பெரிய மாற்றமில்லை. ஆகவே, நாம் ஓர் எழுத்தை விட்டுவிட்டோமா, ஒற்றை விழுங்கிவிட்டோமா என்று அந்த வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. காது நம் குரலில் இருக்கிறது, கண் படத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பொருளைப் பிடிக்கிறது.

அடுத்தது சொற்கள். குழந்தையோடு நாம் நாள் முழுக்கப் பேசுவதாக நினைக்கிறோம். அந்தப் பேச்சைக் கவனித்துப் பார்த்தால், வா, சாப்பிடு, குளி, தூங்கு, தொடாதே என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றும். மேகம், குகை, நிழல், பதுங்குதல், தும்பிக்கை எல்லாம் அதில் வர வழியே இல்லை. அமெரிக்காவில் 2015-இல் வந்த ஆய்வொன்று 100 படப் புத்தகங்களின் வரிகளைக் குழந்தைகளோடு பெரியவர்கள் பேசும் பேச்சோடு ஒப்பிட்டது. அளவு சமமாக இருந்தபோதும் புத்தகங்களில் வெவ்வேறு சொற்கள் கணிசமாக அதிகம் இருந்தன. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் போட்ட கணக்கு ஒன்றும் உண்டு. நாளுக்கு ஒரு படப் புத்தகம் கேட்கும் குழந்தை, எதுவுமே கேட்காத குழந்தையைவிட ஐந்து வயதுக்குள் சுமார் 2,90,000 சொற்களைக் கூடுதலாகக் கேட்டிருக்கும். டர்பனில் ஒரு குழந்தைக்குத் தமிழ் காதில் விழும் நேரம் மிகக் குறைவு என்பதால், இந்தக் கூடுதல் இங்கே இன்னும் பெரிதாகப் பேசும் என்று நினைக்கிறேன். கடையிலும் பள்ளியிலும் தெருவிலும் கேட்காத சொல்லைக் கேட்க வேறு இடம் எது?

ஆனால் கேட்பது மட்டும் போதாது என்பதைக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் கிரோவர் வைட்ஹர்ஸ்ட். அவரும் கூட்டாளிகளும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோரை இரண்டு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினரும் வீட்டில் படித்துக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும், படிக்கும்போது எப்படிக் கேட்பது, குழந்தை சொன்னதை எப்படி நீட்டிச் சொல்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிரிவின் குழந்தைகள் பேச்சுத் திறனில் மற்றவர்களைவிடப் பல மாதங்கள் முன்னே போயிருந்தார்கள். புத்தகமும் வாசிப்பும் இரு பக்கமும் இருந்தன. வித்தியாசம் பேச்சில் இருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கேப் டவுனை அடுத்த கயெலிட்ஷாவிலிருந்து வருகிறது. வறுமை மிகுந்த பகுதி அது. அங்கே 14 முதல் 16 மாதக் குழந்தைகளும் தாய்மாருமாக 91 இணைகளை எடுத்து, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எட்டு வாரம் பயிற்சி தந்தார்கள். குழந்தையோடு புத்தகத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்பதுதான் பயிற்சி. குழந்தையின் கண் போகும் இடத்தைப் பின்தொடர்வது, அது காட்டுவதைப் பெயர் சொல்லிச் சொல்வது, அதன் வாழ்க்கையில் உள்ள ஒன்றோடு இணைப்பது. 2015-இல் வெளியான முடிவில், பயிற்சி பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்குச் சொல்வளம் தெளிவாகக் கூடியிருந்தது. ஒன்றிலே கவனத்தை நிறுத்தும் நேரமும் கூடியிருந்தது. இந்த வழிமுறையை இன்று கேப் டவுனில் மிக்குலு அறக்கட்டளை பரப்பிவருகிறது. அவர்கள் பயன்படுத்துவது எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள். எந்தத் தாய்மொழிக்காரரும், படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் எடுத்துப் பேசலாம்.

எழுத்தில்லாப் புத்தகத்திலிருந்தே இவ்வளவு பலன் கிடைக்கிறது என்றால், "எங்களுக்குச் சரியாகப் படிக்க வராதே" என்ற தயக்கம் எவ்வளவு தூரம் நிற்கும்?

சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் முன்னறையில் கேட்டதை அப்படியே தருகிறேன். ஆயாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, தமிழ் எழுத்துத் தெரியாது. பேரனுக்கு இரண்டரை வயது. மடியில் ஒரு படப் புத்தகம். பக்கத்தில் ஒரு மதில், அதன்மேல் ஒரு பூனை.

"இங்க பாரு, யாரு இது?"

"பூன."

"ஆமா, பூனை. கருப்புப் பூனை. எங்க நிக்கிது?"

"மேல."

"செவுத்து மேல நிக்கிது. ஏன் அங்க போயி ஏறுச்சி?"

பையன் பேசவில்லை. ஆயாவும் பேசவில்லை. பக்கத்தைத் திருப்பவும் இல்லை. சற்று நேரம் கழித்து, பையன் படத்தின் கீழ் மூலையில் விரலை வைத்து ஆங்கிலத்தில் "டாக்" என்றான். அங்கே செடிக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் தெரிந்தது. ஆயாவே அதைப் பார்த்திருக்கவில்லை.

"அட, ஆமாண்டா கண்ணு! நாயி! நாயப் பாத்துப் பயந்துதான் பூனை செவுத்து மேல ஏறிருச்சி. நம்ம வூட்டுப் பக்கத்துல இருக்குதே, அந்த நாயி மாதிரி."

"நாயி. பயம்."

ஒரு நிமிடம் கூட ஆகாத இந்தப் பேச்சில் ஆய்வாளர்கள் கற்றுக்கொடுப்பது அத்தனையும் இருக்கிறது. கேள்வி கேட்டார். பிள்ளை சொன்ன ஒற்றைச் சொல்லை ஏற்றுக்கொண்டு, அதில் ஒன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். "மேல" என்றதை "செவுத்து மேல நிக்கிது" என்று வாக்கியமாக்கினார். 'என்ன' என்பதிலிருந்து 'ஏன்' என்பதற்குப் போனார். படத்தில் உள்ள நாயைப் பக்கத்து வீட்டு நாயோடு சேர்த்தார். எல்லாவற்றிலும் பெரியது, காத்திருந்தார். நம்மில் பெரும்பாலோர் கேள்வி கேட்டுவிட்டு உடனே நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். சின்னக் குழந்தைக்கு யோசித்து, சொல்லைத் தேடி, வாயைத் திறக்க நேரம் வேண்டும். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன்.

பிள்ளை ஆங்கிலச் சொல்லைச் சொன்னபோது ஆயா என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். "தமிழில் சொல்லு" என்று அதட்டவில்லை. அவன் கண்டுபிடித்ததைக் கொண்டாடிவிட்டு, நாய் என்ற சொல்லை இரண்டு மூன்று தடவை அவன் காதில் போட்டார். அவனே அதைத் திருப்பிச் சொன்னான். இரண்டு மொழிச் சொற்களைக் கலந்து பேசுவது இரு மொழி வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் செய்வது. அது குழப்பத்தின் அடையாளம் இல்லை. கையில் உள்ள சொல்லை வைத்துப் பேச்சைத் தொடர்கிறார்கள், அவ்வளவுதான். அதட்டினால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். டர்பன் ஆயாக்கள் பேசும் தமிழ், பெரும்பாலும் வட ஆற்காடு, செங்கல்பட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்த பேச்சு. வூடு, செவுரு, போச்சி, வந்துருச்சி என்றுதான் வரும். தமிழ் வகுப்புக்குப் போய்வந்த பிள்ளைகளோ, சில நேரம் ஆசிரியர்களோ இதைக் கொச்சை என்று திருத்துவதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒருமுறை திருத்தப்பட்ட ஆயா அடுத்த முறை ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே தமிழ்க் குரல் அதோடு போய்விடும்.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கே ஒரு படி. இங்கே அது இரண்டு படி. புத்தகத்தில் "பூனை சுவரின் மேல் ஏறியது" என்று இருக்கும். வீட்டில் "பூனை செவுத்து மேல ஏறிச்சி" என்பார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. படிக்கத் தெரிந்தவர் வரியை இருக்கிறபடி ஒருமுறை படிக்கட்டும். அடுத்து அதையே பேச்சில் சொல்லட்டும், அல்லது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயாவைச் சொல்லவிடட்டும். இரண்டும் ஒரே செய்தி என்பதைக் குழந்தை தானே பிடித்துக்கொள்ளும். பின்னாளில் பாடப் புத்தகத்தில் "ஏறியது", "சென்றது", "கூறினான்" என்று வரும்போது அந்த உருவங்கள் காதுக்குப் பழகியவையாக இருக்கும். பள்ளிக்கு முன் எழுத்துத் தமிழைக் காதால் கேட்க ஒரு குழந்தைக்கு உள்ள வாய்ப்பு கோவில் பாட்டும் கதைப் புத்தகமும்தான். பாட்டின் தமிழ் பழையது, பொருள் புரிவது கடினம். கதைப் புத்தகத்தில் பக்கத்திலேயே படம் இருக்கிறது.

எந்த மொழியில் படித்துக் காட்டுவது என்ற கேள்விக்கு வருவோம். தமிழ் வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான். ஆனாலும், வீட்டில் ஆங்கிலம்தான் சரளமாக வருகிறது என்றால் ஆங்கிலத்திலும் படியுங்கள், அதை ஒரு தோல்வியாக எண்ணாதீர்கள் என்றே சொல்வேன். கதை எப்படி நகரும், அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது எப்படி, காரணம் சொல்வது எப்படி என்பவை ஒரு மொழியில் வந்தால் மற்ற மொழிக்கும் கூடவே போகும். பல வீடுகளில் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் ஜூலு பேசும் பெண்மணி. அவர் அதே படப் புத்தகத்தை ஜூலுவில் பேசிக் காட்டினால் அது இந்த நாட்டில் வாழப்போகும் பிள்ளைக்குப் பெரிய செல்வம். நாளின் ஒரு வேளை, ஒரு புத்தகம், ஒரு ஆள் என்று தமிழுக்கு ஓர் இடத்தை ஒதுக்கிவைத்தால் போதும். தூங்கப்போகும் முன் ஆயாவோடு என்றால் ஆயாவோடுதான்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? டர்பன் கடைகளில் தமிழ்ப் படப் புத்தகம் தேடுவது சிரமம். இந்த நாட்டில் புத்தகத்துக்கும் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. அதனால் ஆங்கிலப் படப் புத்தகங்களே பல வீடுகளுக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. சென்னையின் துளிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப் புத்தகங்களை நெடுங்காலமாக வெளியிடுகிறது. ஊருக்குப் போய்வருகிறவர்களிடம் சேலைக்கும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் சொல்லியனுப்பும்போது இதையும் இரண்டு சேர்த்துச் சொல்லலாம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலேயே பிறந்த ஒரு முயற்சியும் இருக்கிறது. கேப் டவுனில் 2014-இல் உருவான புக் டேஷ் அமைப்பில், எழுத்தாளரும் ஓவியரும் வடிவமைப்பாளரும் தன்னார்வமாக ஒரே நாளில் கூடி உட்கார்ந்து, 12 மணி நேரத்தில் ஒரு படப் புத்தகத்தை முடிக்கிறார்கள். அவற்றை யாரும் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம் என்று உரிமையைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து வயதுக்குள் சொந்தமாக நூறு புத்தகம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. அந்தப் படங்களில் நம் தெருவும் நம் கடற்கரையும் மினிபஸ் டாக்ஸியும் வருகின்றன. வகுப்பில் நாங்கள் செய்வது எளிது. அதன் ஆங்கிலப் பதிப்பை அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தமிழ் வரியைத் தாளில் எழுதிக் கத்தரித்து, ஆங்கில வரியின் கீழ் பசையால் ஒட்டுகிறோம். பெரிய பிள்ளைகள் எழுதுகிறார்கள், சின்னவர்களுக்கு அது போகிறது. தமிழ் எழுத்து தெரியாத பெற்றோர் பென்சிலில் ஆங்கில எழுத்தால் மேலே குறித்துக்கொள்கிறார்கள். பெரியவருக்கு அது ஒரு கைத்தடி, பரவாயில்லை. ஆனால் பிள்ளையின் கண்ணில் தமிழ் எழுத்தும் பட வேண்டும். ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும், ன, ண இரண்டும் ஒன்றாகிவிடும்.

கொஞ்சம் படிக்கத் தெரிந்த அப்பா அம்மாவுக்கு ஒரு யோசனை: முதல் நாள் இரவே, பிள்ளை தூங்கியபின், புத்தகத்தை வாய்விட்டு இரண்டு தடவை படித்துப் பாருங்கள். ஒரு படப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான் இருக்கும். தடுக்கும் சொல்லை ஆயாவிடமோ வாட்ஸ்அப்பில் ஆசிரியரிடமோ கேட்டுக்கொள்ளலாம். வாரம் ஒரு புத்தகம் போதும். பிள்ளையே அதையே திரும்பத் திரும்பக் கேட்கும். பெரியவர்களுக்கு அலுத்துப்போகும், குழந்தைக்கு அலுக்காது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011-இல் வந்த ஆய்வில், ஒரே கதையைத் திரும்பக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகள், அதே எண்ணிக்கையிலான புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட அந்தச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். முதல் தடவை, யாருக்கு என்ன ஆச்சு என்று பிள்ளை பார்க்கிறது. அது தெரிந்தபின்தான் சொல்லைக் கவனிக்க இடம் கிடைக்கிறது. தமிழ்ப் புத்தகம் நாலே நாலு இருக்கிறதே என்று வருந்தும் வீட்டுக்கு இது நல்ல செய்தி.

தொடுதிரையைப் பற்றிக் கேட்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஒரே பெற்றோரையும் குழந்தையையும் தாள் புத்தகத்தோடும் திரைப் புத்தகத்தோடும் கவனித்தார்கள். திரை வந்தபோது கதையைப் பற்றிய பேச்சு குறைந்தது, யார் கையில் வைத்திருப்பது என்ற இழுபறி கூடியது. தமிழ்க் கதை திரையில்தான் கிடைக்கிறது என்றால் அதைப் பார்க்கலாம். ஆனால் ஒலியை அணைத்துவிட்டு, நீங்கள் பேசுங்கள். 2022, 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சில வீடுகளில் மாலை இரண்டு மணி நேரம் கைவிளக்கும் புத்தகமுமாகக் கழிந்தது. மின்சாரம் சீரானபின்னும் அந்த வழக்கத்தை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இத்தனை சொன்னபின் ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2023-இல் வெளிவந்த 2021-ஆம் ஆண்டுக்கான பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்புத் தேர்வின் முடிவுகள் இந்த நாட்டையே உலுக்கின. தென்னாப்பிரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு எந்த மொழியிலும் பொருள் புரிந்து படிக்க வரவில்லை. 2016-இல் அது 78 சதவீதமாக இருந்தது. இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் கதை படித்துக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது பள்ளியின் கடமையைப் பெற்றோர் தலையில் தூக்கிவைப்பது. கனடாவில் பிள்ளைகளை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. கதை கேட்டது சொல்வளத்தையும் கேட்டுப் புரிந்துகொள்வதையும் வளர்த்தது. எழுத்தை அடையாளம் கண்டு படிக்கத் தொடங்குவதற்கோ, யாராவது உட்கார்ந்து எழுத்தைக் கற்றுத்தந்ததுதான் உதவியது. இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

ஆகவே நான்கு வயதுக்கு மேல், கதைக்கு இடையூறு இல்லாமல், எழுத்தின் பக்கமும் விரலைக் கொண்டுபோகலாம். விரல் போகும் இடத்துக்குப் பிள்ளையின் கண்ணும் வரும். தன் பெயரின் முதல் எழுத்து பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னால் ஆசையாகத் தேடும். அதோடு விட்டுவிட்டுக் கதைக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பரீட்சை வைத்தால் பிள்ளை மடியிலிருந்து இறங்கிப் போய்விடும்.

பிள்ளை பள்ளிக்குப் போய் ஆங்கிலம் தானாகவே படிக்கத் தொடங்கியதும் பல வீடுகளில் இந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுகிறார்கள். அது மிகவும் சீக்கிரம். ஏழு வயதுப் பிள்ளையால் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய கதை, அது தானே படிக்கக்கூடிய கதையைவிடப் பல படி மேலே இருக்கும். தமிழில் அந்த இடைவெளி இன்னும் அதிகம். அந்த வயதில் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கோவில் வகுப்பில் எழுத்துப் படித்த பேத்தி கூட்டிப் படிக்கிறாள், எழுத்துத் தெரியாத ஆயா கேட்கிறார். "கு, தி, ரை" என்று அவள் தட்டுத்தடுமாறி ஒலிக்கும்போதே ஆயா "குதிரை!" என்று பிடித்துவிடுகிறார். அவளுக்கு ஒலி தெரியும், இவருக்குச் சொல் தெரியும். சில நேரம் ஆயா அவசரப்பட்டு வேறு சொல்லை ஊகித்துவிடுவார். அப்போது பேத்தி எழுத்துக்குத் திரும்பி விரலை வைத்து, "இல்ல ஆயா, இங்க 'ரை' இருக்கு" என்று காட்டுவாள். அந்தத் திருத்தம் நடக்கும் இடத்தில் அவசரப்பட்டு உள்ளே புகாமல் இருப்பதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் வேலை.